ஃபுகுஷிமா: கழுத்தைப் பார்த்த ஸ்கேன்

அணு உலை விபத்து நேர்ந்த 2011 மார்ச்சில் 18 வயதுக்குள் இருந்த அனைவருக்கும் தைராய்டு ஸ்கேன் எடுக்க ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணம் முடிவுசெய்தது. அக்டோபரில் தொடங்கிய முதல் சுற்றில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்த முடிவு ‘ஏ2’. சிறு முடிச்சோ, 20 மி.மீ.க்கு மேற்படாத நீர்க்கட்டியோ இருக்கிறது; மேல்பரிசோதனை தேவையில்லை என்பது அதன் பொருள். பிள்ளையின் கழுத்தில் கட்டி என்று படித்த தாய்க்கு அதன்பிறகு எந்த வரி மனதில் நிற்கும்?

அச்சம் நியாயமானது. 1986 செர்னோபில் விபத்தில் அயோடின்-131 கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடையே, நான்கைந்து ஆண்டுகளில் தைராய்டு புற்றுநோய் பெருகியது. ஆனால், நீர்க்கட்டியின் கதை வேறு. உலையிலிருந்து தொலைவில் உள்ள அவோமோரி, யமனாஷி, நாகசாகி மாகாணங்களில் 4,365 பிள்ளைகளை இதே முறையில் பரிசோதித்தபோது 56 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ‘ஏ2’. வளரும் பிள்ளைகளிடம் இது சகஜம். நுட்பமான கருவி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். இந்த முடிவு 2013-ல்தான் வெளிவந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய ஆய்வு அது.

ஸ்கேன் சுரப்பியின் உருவத்தைத்தான் காட்டும். அது ஒழுங்காகச் சுரக்கிறதா என்றறிய ரத்தத்தில் டி.எஸ்.எச்., டி4 ஹார்மோன் அளவுகளைப் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் நீர்க்கட்டி சுரப்பைக் குறைப்பதில்லை. பிள்ளையின் சோர்வுக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் அதன் மீது பழிபோட்டால், உண்மைக் காரணம் தேடப்படாமலே போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேடத் தேட, ஒருவேளை வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய புற்றுநோய்களும் அகப்படும். தென்கொரியாவில் பெரியவர்களுக்குப் பரவலாக ஸ்கேன் எடுத்ததில், 2011-ல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கானது; இறப்பு விகிதமோ மாறவில்லை. அறுவையில் சுரப்பியை முழுதாக அகற்றினால் ஆயுள் முழுக்க மாத்திரைதான். நன்றாகச் சுரந்துகொண்டிருந்த சுரப்பி அப்படிப் பறிபோவது கொடுமை.

இதைச் சொல்வதால் ஃபுகுஷிமாவில் தைராய்டு புற்றுநோய்க்கு ஆளான இளைஞர்களின் வலி பொய்யாகிவிடாது. அவர்களில் ஆறு பேர் 2022 ஜனவரியில், அந்த அணு உலையை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் மீது டோக்கியோவில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சையும் நேர்மையான விசாரணையும் கிடைத்தாக வேண்டும்.

அணு விபத்துக்குப் பின் ஒட்டுமொத்த மக்களுக்கும் தைராய்டு ஸ்கேன் நடத்த வேண்டாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு 2018-ல் பரிந்துரைத்தது. அதன் பிறகும் ஃபுகுஷிமாவில் பள்ளி நேரத்திலேயே பரிசோதனை தொடர்ந்தது. வகுப்பே எழுந்து வரிசையில் நிற்கும்போது எந்தப் பிள்ளை ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும்? பரிசோதனையைப் பள்ளியிலிருந்து வெளியே கொண்டுவந்து, நன்மையையும் தீங்கையும் முன்கூட்டியே விளக்கி, விரும்புகிற குடும்பத்துக்கு மட்டும் எடுப்பதே சரி.