படம் வருது... பேச்சு வரலையே!

‘மக்காச்சோளம் 25 நாள் பயிராக நிற்கிறது. குருத்துக்குள் படைப்புழு. ஆன்லைனில் விஞ்ஞானி விளக்கம் சொல்கிறார் என்று, சமுதாயக் கூடத்தில் லேப்டாப், டாங்கிள், புரொஜெக்டர் வைத்து 40 பேர் உட்கார்ந்தோம். திரையில் படம் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. அடுத்த வகுப்புக்குள் சரிசெய்ய என்ன வழி?’ என்று கேட்டிருக்கிறது பெரம்பலூர் மாவட்ட உழவர் குழு ஒன்று.

படம் ஒழுங்காக வந்திருப்பதால் நெட் மீது பழி இல்லை. சந்தேகம் புரொஜெக்டர் மீதுதான். எச்டிஎம்ஐ ஒயர் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். அதைச் செருகியதும் பல லேப்டாப்கள் தாமாகவே ஒலியைப் புரொஜெக்டருக்குத் திருப்பிவிடும். அதில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் எல்லாம் ஊமைதான். லேப்டாப் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியை அழுத்தி, ஒலி எங்கே போகவேண்டும் என்பதை மாற்றலாம். கூட்டம் நடக்கும் செயலியிலும் ஆடியோ செட்டிங் தனியாக உண்டு. இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

40 பேருக்கு லேப்டாப் சத்தம் போதாது. ஊரில் திருவிழாவுக்குக் கட்டும் மைக் செட்டே போதும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை ஆம்ப்ளிஃபயரில் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய இடத்தில் செருகவும். ‘மைக்’ என்ற இடத்தில் செருகினால் குரல் கரகரக்கும். அந்த இடம் மிக மெல்லிய ஒலிக்கானது. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளை லேப்டாப்போடு எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது, லேப்டாப் புகைந்துபோகலாம். சத்தத்தைக் குறைத்துவைத்து மெல்லக் கூட்டவும். ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பார்க்கவும். பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி கேட்க லேப்டாப்பில் உள்ள மைக்கே போதும். ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்தும், லேப்டாப் அவற்றுக்குப் பின்னாலும் இருக்கட்டும். எதிரே வைத்தால் ‘கீ...’ என்று அலறும். பேசாத நேரத்தில் மைக்கை ‘மியூட்’ செய்துவைப்பது விஞ்ஞானிக்கும் நல்லது.

டாங்கிள் பற்றியும் ஒரு வார்த்தை. கான்கிரீட் கூரைக்கு அடியில் சிக்னல் குறையும். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு ஜன்னலோரம் வைத்தால் வித்தியாசம் தெரியும். டாங்கிள் இல்லாதவர்கள் புதிதாக வாங்க வேண்டாம். செல்போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்தால் போனே மோடம் ஆகிவிடும். ஒரு மணி நேர வீடியோ கூட்டத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி டேட்டா செலவாகும். தினம் 1.5 ஜிபி தரும் பிளானில் காலையிலேயே படம் பார்த்துத் தீர்த்துவிட்டால், மாலை வகுப்பு பாதியில் நிற்கும்.

வகுப்புக்கு முந்தைய நாளே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்து, ஒருமுறை பேசிப் பார்த்துவிட வேண்டும். 40 பேரை உட்காரவைத்துக்கொண்டு ஒயர் தேடக் கூடாது.

ஆனால், படைப்புழு அடுத்த வகுப்பு வரை காத்திருக்காது. புழு சிறிதாக இருக்கும்போதுதான் மருந்துக்குக் கட்டுப்படும். வளர்ந்து குருத்தின் அடியில் இறங்கி, எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டால் தெளிக்கும் மருந்து சரியாகப் போய்ச் சேராது. எனவே, குழுவினர் இன்றே கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். அதற்குச் சாதாரண பட்டன் போன் போதும்.