பெயரில்லாத வீட்டுக்கு மீட்டர்

மின்சாரத்தை அளக்கும் பெட்டிக்கு இப்போது அறிவு வந்துவிட்டதாம். ‘ஸ்மார்ட் மீட்டர்’ என்று அதற்குப் பெயர். கொழும்பைச் சூழ்ந்த நகரங்களில் மின்சாரம் வழங்கும் லெகோ கம்பனி சில ஆண்டுகளாக அதைப் பொருத்தி வருகிறது. நாடு முழுவதற்கும் இதுவே வழி என்று திட்டம் தீட்டுவோர் சொல்லுகின்றனர். ஆகவே இன்றில்லாவிட்டாலும் நாளை அது சப்ரகமுவைக்கும் வந்து சேரும். பலாங்கொடை மலைத் தோட்டங்களிலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் உள்ள லயங்களின் சுவரில் ஏறும். வரட்டும். ஆனால் அது வருமுன்பே அதற்குரிய பழிச்சொல் வந்துவிட்டது. தோட்டத்து ஜனங்கள் எதைக் கொண்டுபோனாலும் வேண்டாம் என்பார்கள், புதுமை என்றால் அவர்களுக்குப் பயம், விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நகரத்து மேசைகளில் இருந்து பேசுகிறார்கள்.

விளக்கம் தேவைப்படுவது யாருக்கு? அளவைக் கருவி என்றால் என்ன என்று தோட்டத் தொழிலாளிக்குப் பாடம் சொல்ல இந்த நாட்டில் எவருக்கும் தகுதி கிடையாது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அவனும் அவளும் அளக்கப்பட்டே வாழ்ந்திருக்கிறார்கள். கொழுந்துக்குத் தராசு. ரப்பர்ப் பாலுக்கு மெட்ரோலாக். பாலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று அந்தக் குழாய் சொல்லும், அது சொன்னபடி கூலி. தராசு பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் தராசு காட்டிய கணக்கில் கூடையின் நிறை என்று ஒரு கழிவு, இலையில் ஈரம் என்று மற்றொரு கழிவு. அதைத் தீர்மானித்தது தராசு அல்ல, தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனிதன். இன்று பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது, கழிவு போகவில்லை. கருவி எவ்வளவு நேர்மையானது என்பது ஒரு கேள்வி. கருவி யார் கையில் இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்பவனையே நமது படித்த பெருமக்கள் பிற்போக்காளன் என்கிறார்கள்.

அந்த யந்திரத்தின் நன்மையை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. பழைய மீட்டரை வாசிக்க மாதந்தோறும் ஒருவர் படியேறி வரவேண்டும்; வராத மாதத்தில் உத்தேசக் கணக்கு எழுதப்படும்; மறுமாதம் இரண்டு மாதச் சுமை ஒன்றாக விழும். புதிய மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை தானே கணக்கெடுத்து, தானே அனுப்பிவிடும். எங்கே கம்பி அறுந்தது, எங்கே மின்சாரம் களவு போகிறது என்பதையும் கண்டுகொள்ள உதவும். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அதற்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது: ஒரு விசை. தூரத்திலிருந்தபடியே வீட்டின் மின்சாரத்தை நிறுத்தவும், திரும்பக் கொடுக்கவும், பின்னால் கட்டும் கணக்கை முன்பணக் கணக்காக மாற்றவும் அந்த விசையால் முடியும். விளம்பரத்தில் மீட்டரின் அறிவைப் பற்றித்தான் எழுதுவார்கள். இந்த விசையைப் பற்றி எழுதமாட்டார்கள்.

இனி, இந்த விசையின் மறுமுனையில் இருக்கும் வீட்டைப் பார்ப்போம். மின் இணைப்புக் கேட்பவர் வீடு தமது உரிமை என்று காட்டவேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதத்தைக் காட்டவேண்டும். லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை பிறந்து இறந்திருந்தாலும் அது குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. ஆகவே விளக்கேற்றவும் தோட்டத் துரையின் கடிதம் வேண்டும். சில லயங்களில் காம்பராவுக்கொரு மீட்டர் இல்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த கம்பியில் பல்பு எரிகிறது. கடிதங்கள் கூடத் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் லயத்துக்குப் போகின்றன. தெருப் பெயரும் இலக்கமும் உள்ள விலாசம் இல்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடலாம் என்று சட்டம் திருத்தப்பட்டதே 2018-இல்தான். 1948-இல் பறிபோன பிரஜாவுரிமை முழுதாகத் திரும்ப 2003 வரை காத்திருந்த மக்களுக்கு இதுவும் ஆச்சரியமாக இராது.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் பதியப்படும் கூலிக் கணக்குத்தான் பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆக, வேலை வாங்கும் புத்தகத்தில் இவர்களுக்குப் பேர் இருக்கிறது. வீட்டுக்குரிய எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஸ்மார்ட் மீட்டரைப் பற்றி லயத்து வீடுகளின் அபிப்பிராயத்தைக் கேட்பதானால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். மீட்டர் நல்லதா கெட்டதா என்று அவர்களைக் கேட்கிறவர், அந்த மீட்டர் யாருடைய பெயரில் என்ற கேள்விக்குத் தாம் பதில் வைத்திருக்கிறாரா?

பணக் கணக்குக்கு வருவோம். 2022 ஆகஸ்டுக்கு முன்னர், மாதம் 30 அலகு பாவித்த ஒரு வீட்டின் கட்டணம் அலகுக்கு 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். அந்த ஆகஸ்டில் அது 360 ஆயிற்று. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாயாகவும் நிலையான கட்டணம் 400 ரூபாயாகவும் உயர்ந்தபோது அதே 30 அலகுக்கு 1300 ரூபாய். 30 அலகு என்றால் நாளொன்றுக்கு ஓர் அலகு. இரண்டு மூன்று பல்பு, ஒரு தொலைக்காட்சி, ஒரு கைத்தொலைபேசி, அவ்வளவுதான். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாய். ஒரு முழுப் பேரையும், மறுநாள் பேரில் கொஞ்சத்தையும் கொடுத்தால்தான் அந்த மாதம் விளக்கு எரியும். ஏழைகளின் படியில்தான் ஏற்றம் மிகக் கொடுமையாக இருந்தது: ஏழு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. அதே ஆண்டு ஜூலையிலும் பின்னரும் கட்டணம் குறைக்கப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்த மாதங்களில் கட்ட முடியாமல் கம்பி வெட்டப்பட்ட வீடுகளின் நினைவை எந்தக் குறைப்பும் அழித்துவிடவில்லை. அன்று வெட்டுவதற்கு ஆள் வரவேண்டியிருந்தது. வந்தவரிடம் இரண்டு நாள் தவணை கேட்கலாம். சம்பள நாளைச் சொல்லலாம். நோயாளி இருப்பதைக் காட்டலாம். மனம் இளகுகிறவர்களும் உண்டு. கொழும்பிலே ஒரு கணினித் திரையில் அழுத்தப்படும் விசையிடம் யார் போய்ச் சம்பள நாளைச் சொல்வது?

முன்பண முறை வந்தால் இன்னும் வேடிக்கை. தோட்டத்துக் கடையில் தொலைபேசிக்குக் கடனுக்கு ரீலோட் போடுவதுபோல மின்சாரத்துக்கும் கடனுக்குப் போடுவார்கள். கடைக்காரர் கொப்பியில் எழுதிவைப்பார். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி மனிதனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறையை 1921-இல் சட்டத்தால் ஒழித்தார்கள். வெளிச்சத்தின் பெயரால் அதற்கொரு பேரப்பிள்ளை பிறக்க வேண்டியதில்லை.

நேரத்துக்கேற்ற விலை என்பது மற்றொரு பெருமை. மின்சாரம் அதிகம் தேவைப்படும் வேளையில் விலை கூடும், தேவை குறைந்த வேளையில் விலை குறையும். ஸ்மார்ட் மீட்டர் இதை எல்லோர் வீட்டிலும் நடைமுறைப்படுத்தும். இலங்கையில் விரும்பும் வீடுகளுக்கு இந்த முறை 2015-லிருந்தே உண்டு. உச்ச வேளை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. சலவை யந்திரத்தை நள்ளிரவில் ஓட்டக்கூடிய வீட்டுக்கு, மின்சாரக் காரை விடியுமுன் சார்ஜ் செய்யக்கூடிய வீட்டுக்கு, இது லாபம். காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்து, பிள்ளைமடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, விறகும் பொறுக்கிக்கொண்டு வீடு சேரும் பெண்ணுக்கு வெளிச்சம் தேவைப்படும் வேளையே அந்த நான்கு மணி நேரந்தான். பெரிய பிள்ளை படிப்பதும் அந்த நேரத்தில்தான். இதில் எதை அவள் நள்ளிரவுக்குத் தள்ளிவைப்பாள்? தள்ளிவைக்க அவளிடம் என்ன பாவனை இருக்கிறது? மாற்றிக்கொள்ள வசதியுள்ளவனுக்குச் சலுகையும், மாற்ற வழியில்லாதவளுக்கு அபராதமும் தருகிற கணக்கை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அது நியாயமாகிவிடாது.

இது நமது கற்பனைப் பயமன்று. பணக்கார நாடாகிய பிரித்தானியாவில் 2023 பெப்ரவரியில் ஒரு பத்திரிகை வெளியிட்ட செய்தியால் நாடே வெட்கிற்று. எரிவாயுக் கம்பனி ஒன்றின் ஏவலாளர்கள் கடன்பட்ட ஏழைகளின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்து, முன்பண மீட்டரை வலுக்கட்டாயமாகப் பொருத்தியிருந்தார்கள், நோயாளிகளையும் விடவில்லை. ஸ்மார்ட் மீட்டர் இருந்த வீடுகளில் கதவை உடைக்கும் சிரமங்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே கணக்கை மாற்றிவிட முடிந்தது. கண்காணிப்பு அதிகாரசபை விழித்துக்கொண்டு அந்த வன்செயலை நிறுத்தியது பிறகுதான். நெதர்லாந்திலோ 2009-இல், எல்லோரும் கட்டாயம் ஏற்கவேண்டும் என்ற மசோதாவை அந்நாட்டு மேற்சபை ஏற்க மறுத்தது. வீட்டுக்குள் யார் எப்போது எழுகிறார்கள், எப்போது உறங்குகிறார்கள் என்பதையே இந்தக் கணக்கு காட்டிவிடும் என்று அங்கே வாதாடினார்கள். அவர்கள் விஞ்ஞானத்துக்குப் பயந்த காட்டுவாசிகள் என்று நமது பெருமக்கள் சொல்வார்களா? ஆம்ஸ்டர்டாமில் அது தனிமனித உரிமை. அவிசாவளைக்கு அப்பால் போனால் அதுவே அறியாமையாகிவிடுகிறது.

நமது தொழிற்சங்கத் தலைவர்கள் இதிலே என்ன நினைக்கிறார்கள்? கூலிப் பேச்சு வந்தால் அவர்கள் குரல் கேட்கும். மற்றபடி லயத்து வீட்டின் அபிப்பிராயம் தமது சட்டைப்பையில் இருப்பதாக அவர்கள் நினைப்பு. கட்டணம் மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்பதுண்டு. அந்தக் கேட்பு எழுத்துமூலம், அல்லது நகரத்து மண்டபத்தில், வேலை நாளில். ஒரு பேரை இழந்து பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போய்த் தமிழில் பேசினால் கேட்பார் உண்டா என்ற நிச்சயமும் இல்லாதபோது எந்தப் பெண் போவாள்? தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பைத் திருத்தியது 1987-இல். சப்ரகமுவைத் தோட்டத் தமிழர்கள் நுவரெலியாவைப் போல் திரண்டு வாழ்பவர்களல்லர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறுசிறு கூட்டங்களாகச் சிதறியிருக்கிறார்கள். அதனாலேயே அவர்களைக் கேட்காமல் விடுவது எளிது.

மின்சாரம் அந்த மண்ணுக்கு அந்நியப் பொருளன்று. பலாங்கொடைக்கு அப்பால் வளவை நீரை மறித்து 1992-இல் ஓடத் தொடங்கிய சமனலவெவ நிலையத்தின் ஆற்றல் 120 மெகாவாட். மலையின் நீர் மின்சாரமாகி நகரத்துக்கு இறங்குகிறது. மலையின் லயத்துக்குள் ஓடுவது நைந்த கம்பி. மின்கசிவு என்று சந்தேகிக்கப்படும் தீயில் லயம் எரிந்த செய்தி எத்தனை முறை வருகிறது! ஒரே கூரை, ஒரு காம்பராவில் பொறி பறந்தால் வரிசை முழுவதும் சாம்பல். சுவரின் வெளியே அறிவுள்ள மீட்டரை மாட்டி, சுவரின் உள்ளே பழைய கம்பியை அப்படியே விட்டால் அந்த அறிவு யாருக்காக?

ஆகவே மீட்டரை மறுக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்லுகிறோம். முதலில் காம்பராவுக்கொரு இணைப்பு, குடியிருப்பவர் பெயரில், துரையின் கடிதமில்லாமல். கம்பியைப் பழுதுபார்த்த பிறகு மீட்டர். அதன் செலவைக் கூலியில் பிடித்தல் கூடாது. தமிழில் எழுத்தறிவித்தலும், சம்பள நாள் கழியும்வரை தவணையும் இல்லாமல் தூரத்து விசையைத் தொடக்கூடாது. வீட்டார் கேட்டாலன்றி முன்பண முறைக்கு மாற்றக்கூடாது; முதல் 30 அலகுக்கு உச்ச வேளை விலையும் கூடாது. 2024-இல் நிறைவேறிய மின்சாரச் சட்டம் பழைய மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்திருக்கிறது. புதிய கம்பனிகள் புதிய விதிகளை எழுதும் காலம் இது. எழுதி முடிந்த பிறகு கேட்டால் திருத்தம் என்பார்கள், இப்போதே கேட்டால் அது விதி.

பொருத்த வருகிற உத்தியோகத்தர் கையில் ஒரு படிவம் இருக்கும். அதில் மீட்டரின் தொடர் இலக்கத்துக்கும் முன்னால், வாடிக்கையாளர் பெயர் என்று ஒரு கோடு போட்டிருக்கும். லயத்து வாசலில் நின்றுகொண்டு அந்தக் கோட்டில் அவர் யாருடைய பெயரை எழுதப்போகிறார் என்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரி தன் அபிப்பிராயத்தைச் சொல்லுவாள்.