இப்ப வராதே!

அமெரிக்காவில் பஃபலோ பக்கம் இருக்கும் நம்மாட்கள் வீட்டுக்கு டிசம்பரில் நண்பர்கள் வந்தால், பனி கொட்டினாலும் காரில் ஏற்றிக்கொண்டு நயாகராவுக்குக் கிளம்பிவிடுவார்கள். 'இவ்ளோ தூரம் வந்துட்டுப் பாக்காமப் போறதா?' இதற்குப் பெயர் உபசாரம் இல்லை ஸார், அசட்டுத்தனம்.

உறையாத ஈரி ஏரியின் மேல் ஓடும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து ஊர்மேல் பனியாகக் கொட்டும். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொட்டியது நாலடிக்கு மேல். நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் காருக்குள்ளேயே, சிலர் பனியை அள்ளும்போது மாரடைப்பில்.

அதே புயலில் நயாகராவுக்குப் போன ஒரு கொரியக் கோஷ்டியின் வேன் சிக்கிக்கொண்டது. ஷவல் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்தத் தம்பதி ஷவலோடு அனுப்பிவிடாமல் பத்துப் பேரையும் உள்ளே அழைத்துத் தங்கவைத்தார்கள். எல்லோருமாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அது உபசாரம்!

நீங்களும் புயல் எச்சரிக்கை வந்ததுமே அரிசி, பருப்பு, மாத்திரை வாங்கிவையுங்கள். கார் சாவியை ஒளித்துவையுங்கள். இன்னும் கிளம்பாத நண்பரிடம் 'இப்ப வராதே' என்று பட்டென்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, கோபித்துக்கொள்ள ஆள் இருக்கவேண்டும் அல்லவா?

நயாகரா மே மாதமும் கொட்டும்.