மீன் உண்டதும் நாம் உண்பதும்

மீன் உண்பது உடலுக்கு நன்று என வைத்தியர்கள் கூறக் கேட்டிருக்கின்றோம். இதயத்துக்கும் மூளைக்கும் உகந்த ஒமேகா-3 என்னும் கொழுப்பு மீனில் உண்டென்பது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று. அக்கொழுப்பு மீனுக்கு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை கண்டால், வளர்ப்பு மீனைப் பற்றிய நமது எண்ணம் சற்று மாறிவிடும்.

கடலில் மிதக்கும் நுண்பாசிகளே இக்கொழுப்பைப் பெரிதும் ஆக்குகின்றன. அவற்றை மிதக்கும் சிற்றுயிர்கள் உண்ண, அச்சிற்றுயிர்களைச் சிறு மீன்கள் உண்ண, சிறு மீன்களைப் பெருமீன்கள் உண்ண, கொழுப்பும் படிப்படியாக மேலேறுகின்றது. சுருங்கக் கூறின், கடல்மீன் இச்செல்வத்தைப் பெரும்பாலும் தான் ஈட்டுவதில்லை. உணவின் வழியாகப் பெற்றுச் சேர்த்து வைக்கின்றது.

இவ்வுண்மையை நன்கு விளக்குவது சல்மன் மீன் வளர்ப்பு. நோர்வேயின் ஹித்ராத் தீவில் 1970 இல் இரு சகோதரர்கள் கடலில் மிதக்கும் கூடுகளில் இம்மீனை வளர்க்கத் தொடங்கினர். அத்தொழில் விரைவில் ஓங்கியது. 1990 அளவில் அந்நாட்டுச் சல்மன் தீனியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மீன்மாவும் மீனெண்ணெயுமாகவே இருந்தது. பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்தலியினத்துச் சிறு மீன்கள் இவற்றுக்கு முக்கிய மூலப்பொருளாகும். கூடுகள் பெருகின, கடலின் விளைச்சலோ அவ்வாறு பெருகவில்லை. ஆகவே சோயாவும், கடுகினத்தைச் சேர்ந்த றேப் வித்தின் எண்ணெயும் தீனியிற் புகுந்தன. 2013 அளவில் தீனியில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு தாவரப் பொருளாயிற்று.

மீன் வளர்ந்தது, நிறை குறையவில்லை. ஆயினும் அதன் உடல் உண்டதையே காட்டியது. ஸ்கொட்லாந்தின் ஸ்ரேளிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு வளர்ப்புச் சல்மனில் ஒமேகா-3 கொழுப்புகளுள் முக்கியமான இரண்டின் அளவு 2006 க்கும் 2015 க்கும் இடையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. தாவர எண்ணெய்க்குரிய கொழுப்புகள் அவ்விடத்தை நிரப்பின.

கொழுப்பின் வகை மட்டுமன்றி அளவும் கவனிக்கத்தக்கது. தீனியிற் கொழுப்பு மிகுந்தால், மீன் அதனை எரித்து இயங்குவதற்கான சக்தியைப் பெறுகின்றது. புரதம் தசை வளர்வதற்கு எஞ்சுகின்றது. புரதம் விலையுயர்ந்த பொருளாகையால் வளர்ப்போருக்கு இது இலாபம். இன்றைய சல்மன் தீனியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேலும் கொழுப்பு இருப்பதுண்டு. எரியாது எஞ்சியது தசையிலும் குடலைச் சுற்றியும் படிகின்றது. தசையிற் கொழுப்பு ஏற ஏற நீர் குறைகின்றது. புரதத்தின் விகிதமோ பெரிதும் மாறுவதில்லை.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அறுவடைக்கு முந்திய சில மாதங்களில் மீனெண்ணெய் கலந்த தீனி கொடுத்தால், இழந்த கொழுப்பிற் பெரும்பகுதி மீளுகின்றது. நுண்பாசிகளையே தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுத்துத் தீனியிற் சேர்க்கும் முறையும் இப்போது வழக்கிலுள்ளது. சிறு மீன்களை வாரியெடுக்காது, கொழுப்பு பிறந்த இடத்துக்கே செல்லும் வழி இதுவாகும்.

வளர்ப்பு மீன் தீதென்று நாம் கூற வரவில்லை. பாதியாகக் குறைந்த பின்னரும் சல்மனில் இக்கொழுப்பு ஆட்டிறைச்சியிலும் கோழியிறைச்சியிலும் உள்ளதைவிட மிக அதிகம். ஆனால் மீனின் பெயரை மட்டும் கேட்டு அதன் பயனை அளவிட முடியாது. நமது சந்தையிற் கிடைக்கும் சாளையும் சூடையும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை நேரே உண்டு இக்கொழுப்பைச் சேர்த்தவை. விலையுயர்ந்த மீனே சத்துள்ளது என எண்ணிச் சிறு மீனை இகழும் இல்லங்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. மீன் வாங்கும்போது அதன் விலையை விசாரிக்கும் நாம், அது எதை உண்டு வளர்ந்தது என்பதையும் விசாரிக்கப் பழகுவோமாக.