மானியம் யாருக்கு? வெயில் யாருக்கு?

மொகாலிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஏப்ரல் மாசம் மண்டியில கோதுமை மலை மலையா குவியும்போதெல்லாம் எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒரே பாட்டுதான். "நாம வரி கட்டறோம், பஞ்சாப் விவசாயி ஜாலியா இருக்கான்." பாடறவங்கள்ல பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்க. நானும் கூடச் சேர்ந்து பாடினவன்தான் :-)

முதல்ல ஒரு விஷயம். கொள்முதல் விலை யாரும் போட்ட பிச்சை இல்லை. 1960கள்ல நாடே அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்னுச்சு. அப்போ உணவு அமைச்சர் நம்ம சி. சுப்பிரமணியம். 1965ல இந்திய உணவுக் கழகம் வந்தது. அதோட முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூர்ல! 1966ல மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்குச்சு. 'நீ விளைவி, விலைக்கு நான் பொறுப்பு'ன்னு அரசாங்கம் சொன்னதை நம்பி பஞ்சாப் விதைச்சது. விளைஞ்சது ரேஷன் கடைக்குப் போச்சு. கொடுத்த வாக்கைக் காப்பாத்தறதுக்குப் பேர் சலுகை இல்லீங்க.

சரி, அப்போ எல்லாம் சரியா நடக்குதா? அதுவும் இல்லை.

எங்க வீட்டுக்குப் பால் கொண்டு வர்ற சர்தார்ஜி அஞ்சு ஏக்கர்ல கோதுமை போடறார். ஒரு அடி கூட சொந்தம் இல்லை, எல்லாம் குத்தகை. ஒருநாள் டீ கொடுத்துட்டு, "பாஜி, கரண்ட் இலவசம், உங்களுக்கென்ன கவலை?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "மோட்டார் முதலாளி பேர்ல. கரண்ட் இலவசம்னு சொல்லித்தானே குத்தகையை ஏத்தினார்!"

கோதுமை விலை குவிண்டாலுக்கு 2024ல 2,275 ரூபாய், 2025ல 2,425. ஏறினது நல்லதுதானேன்னா, பின்னாடியே குத்தகையும் ஏறுதாம். வருஷம் 6,000 ரூபாய் பிஎம் கிசான் பணம்? அது நிலம் யார் பேர்ல இருக்கோ அவருக்கு. ஆலங்கட்டி மழை அடிச்ச வருஷம் வந்த நிவாரணமும் முதலாளி கணக்குக்கே போச்சாம். நஷ்டம் மட்டும் இவர் கணக்குல.

எழுதிக் கொடுத்தா நிலம் கைவிட்டுப் போயிடும்னு முதலாளிக்குப் பயம். அதனால எல்லாமே வாய்வார்த்தை. இதுக்கு வழியே இல்லையா? ஆந்திராவுல 2019ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. குத்தகைக்காரருக்கு 11 மாசத்துக்கு சாகுபடி அட்டை, நிலத்தின் மேல உரிமை கிடையாது. அதுலயும் முதலாளி கையெழுத்துப் போடணும்ங்கற ஓட்டை இருக்கு. ஆனாலும் உழுறவன் பேரை ஒரு காகிதத்துல ஏத்தலாம்னு காட்டிட்டாங்க இல்ல?

மானியத்தை நிறுத்துன்னு கத்தறதை விட்டுட்டு, உழுறவன் கையில கொடுன்னு கேட்போம். அதுதான் என் கட்சி.

பஞ்சாப் முதலாளியை ரொம்பத் திட்டிட்டேனோ? ஊர்ல எங்களுக்கும் ரெண்டு ஏக்கர் இருக்கு. உழுறது இன்னொருத்தர், வாய்வார்த்தைக் குத்தகைதான். 6,000 ரூபாய் அப்பா கணக்குல விழுது. வர்ற லீவுல ஊருக்குப் போனதும் முதல்ல பேச வேண்டியது அப்பாகிட்டதான்.

உங்க வீட்டு நிலத்தை யாருங்க உழுறாங்க?