நல்லடக்கத்துக்கு முன் கேட்க வேண்டியது

வரதட்சணைக்காக நான்கு சுவருக்குள் நடக்கும் கொலைக்கு நேரடிச் சாட்சி ஏது? மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெண் இறந்தபோது, பாம்பு கடித்துவிட்டது என்றார்கள் புகுந்த வீட்டார். மலையும் வயலும் சூழ்ந்த நம் செஞ்சிப் பக்கத்தில் சொன்னாலும் நம்பிவிடுவோம். பிரேதப் பரிசோதனையில்தான் கழுத்து நெரிக்கப்பட்டது தெரிந்தது. வீட்டுக்குள் நடந்ததை விளக்கும் பொறுப்பு கணவனுக்கு உண்டு, பொய்யான விளக்கம் சூழ்நிலைச் சாட்சியச் சங்கிலியில் இன்னொரு கண்ணி என்று கூறி, 2006இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

உடலைப் பரிசோதிக்காமல் அடக்கியிருந்தால்? ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாதுதான்; ஆனால் சந்தேகம் இருக்கையில் ஜமாஅத் அவசரப்படுத்துவது கொலைகாரனுக்கே உதவும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால், உறவினர் கேட்டாலே போலீசார் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சட்டம் இருக்கிறது.