சீதன வீடும் தேடிய தேட்டமும்

வீடு கட்டக் காணி வேண்டும், காசு வேண்டும், நல்ல மேசன் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டப்போகும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. அத்திவாரம் வெட்டும் நேரத்தில்தான் மனத்தில் இருந்தவை இரண்டு வீடுகள் என்பது தெரியவருகிறது. எங்களுக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

வலிகாமம் வடக்கில் உள்ள எங்கள் வீடு என் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்தது. 1990 யூன் மாதத்தில் அதைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு வெளியேறினோம். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அந்தக் காணி 2018இல் விடுவிக்கப்பட்டது. திறப்பு எங்களிடம் இருந்தது. திறப்பதற்குக் கதவு இருக்கவில்லை. நிலை, யன்னல், ஓடு, பனஞ்சலாகை எதுவும் இல்லை. சில சுண்ணாம்புக்கற் சுவர்களும், கிணறும், பற்றைக்குள் ஓர் ஆட்டுக்கல்லும் மிஞ்சியிருந்தன.

இருந்த வீட்டை இருந்தபடியே கட்டவேண்டும் என்றேன் நான். நாற்சார் வீடு; நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிவர விறாந்தை, முன்னால் திண்ணை, சிவப்புச் சீமெந்துத் தரை, சாய்மனைக் கதிரை. மனைவி கேட்டது வேறு. சிறிய வீடு, வெள்ளை மாபிள் பதித்த தரை, நுளம்பு வலை அடித்த யன்னல், வீட்டுக்குள்ளேயே குசினி, படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை. "நீர் கொழும்பு வீட்டை இங்கே கொண்டுவரப் பார்க்கிறீர்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "உந்த முற்றத்தை ஆர் கூட்டுறது? மாரியில நாலு பக்கமும் தூவானம் அடிக்கும். விறாந்தையை ஆர் துடைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லாதபடியால் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்.

அந்தச் சொற்பொழிவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன். வடக்கு, கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் 2016இல் பெரும் சர்ச்சையானது. நம் வெக்கைக்கு அவை ஒவ்வா, நம் குடும்பங்கள் வாழும் முறைக்கும் பொருந்தா என்று பலர் எதிர்த்தார்கள். நானும் எதிர்த்து எழுதினேன். அதற்கு முன் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாகக் கொடுத்து, பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டிக்கொள்ள விட்டிருந்தார்கள். குறைகள் பல இருந்தபோதும், வாழப்போகிறவர் கையில் வீட்டை ஒப்படைத்த முறை அது. "வாழப்போகிறவர்களைக் கேட்காமல் வீட்டைத் தீர்மானிக்காதே" என்பதே என் வாதமாக இருந்தது. அரசாங்கத்துக்குச் சொன்ன அந்த நியாயத்தை என் வீட்டுப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தேன். வரைபடம் கீறுபவர் வந்தபோது ஒரு மணிநேரம் நானே பேசினேன். காணிக்குச் சொந்தக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவரிடம் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

இது என் ஒருவனின் குணக்கேடு என்று தப்பிக்க முடியவில்லை. நமது வழமையே இப்படி அமைந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பரம்பரையாக வருவது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம். மணவாழ்வில் சேர்ப்பது தேடிய தேட்டம். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சொந்த வீடு இருந்தது என்று நாம் பெருமை பேசுவோம். அந்த வீட்டை அவள் விற்பதானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்ததைச் சேர்த்துச் சொல்வதில்லை. உறுதியில் அவள் பெயர். பேனா அவன் கையில். சுவருக்கு என்ன நிறம் என்ற சிறிய கேள்வியிலும் அந்தப் பேனா குறுக்கே வருகிறது.

பாரம்பரியம் என்ற என் வாதமும் நெடுநேரம் நிற்கவில்லை. நான் அமர்ந்து பேசிய கதிரை, படம் விரித்த மேசை, புத்தகம் அடுக்க நான் கேட்ட அலுமாரி, காற்று வர நான் கேட்ட யன்னல், மனைவி கேட்ட குசினி ஆகிய ஐந்து சொற்களும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியது 1619இல். அப்போது புதிதாக வந்த பொருள்களை இன்று நாம் பழைமை என்கிறோம். மாபிளை மட்டும் அந்நியம் என்று தள்ள எனக்கு என்ன உரிமை?

நான் கேட்ட பழைய வீட்டை நான் பார்த்தது திண்ணையில் இருந்து. மாலைக் காற்று, பத்திரிகை, வந்து போகும் நண்பர்கள், உள்ளிருந்து வரும் தேநீர். அவர் அதே வீட்டைப் பார்த்தது பின்பக்க அடுப்படியில் இருந்து. புகை, ஈர விறகு, மழையில் முற்றம் கடந்து தூக்கிவந்த கறிச்சட்டி. இரண்டும் உண்மையான ஞாபகங்கள். ஒன்றை மட்டும் அழகு என்று பெயரிட்டு வைத்திருந்தோம்.

இது எனக்கு விளங்கியது அந்த ஆட்டுக்கல்லால். அதைக் கழுவி வார்னிஷ் பூசிப் புதிய வீட்டின் முன்மண்டபத்தில் வைக்கலாம் என்றேன். இப்போது பல உணவகங்களிலும் விடுதிகளிலும் உரலும் அம்மியும் அப்படித்தானே நிற்கின்றன. மனைவி சிறிது நேரம் பேசாமல் நின்றார். "கை வலியோட அம்மா ஆட்டின கல்லு உது. வாற ஆக்கள் பார்க்கிறதுக்கு நடு வீட்டில வைக்கப் போறியளோ?" என்றார். அவருடைய தாயாரின் பொருள்களில் எஞ்சியது அது ஒன்றுதான். அதை எறியவும் அவருக்கு மனம் இல்லை. காட்சிக்கு வைக்கவும் மனம் இல்லை. அது கிணற்றடியில் இருக்கட்டும் என்றார். அங்கேதான் இருக்கிறது.

அவர் கேட்ட எல்லாமே சரி என்றும் நான் சொல்லமாட்டேன். கூரைக்கு ஓடு வேண்டாம், கொங்கிறீற் தட்டுப் போடுவோம் என்றார். பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் தட்டு இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். உயர்ந்த ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் நம் முன்னோர் வெயிலோடு பழகிக் கண்டுகொண்ட விடயங்கள். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டார். காரணம் சொல்லக்கூடிய விருப்பம் வேறு, ஏக்கம் மட்டுமே உள்ள விருப்பம் வேறு. என் முற்றம் இரண்டாவது வகை. அதை விட்டுவிட்டேன். வலித்தது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவிக்கும் வாசகர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். தொலைபேசியில் கணவன் தன் சிறுவயது வீட்டைக் கேட்கிறார். மனைவி தாம் இப்போது வாழும் வீட்டைக் கேட்கிறார். இருவரும் வந்து தங்குவது மூன்று கிழமை. ஆண்டு முழுவதும் அங்கே இருக்கப்போகும் வயதான தாயாரிடம் மாடிப்படி ஏற முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

சுவை வேறுபடுவது குற்றமல்ல. ஒருவர் சுவை மட்டும் வீடாகிவிட்டால் மற்றவர் அங்கே விருந்தாளி ஆகிவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் துடைக்கப் போவது யார்? அவருடைய சொல்லுக்கு எடை கூடக் கொடுங்கள். பிறகு, எதை இழந்தால் தாங்கமாட்டீர்கள் என்று இருவரும் ஒவ்வொன்று சொல்லுங்கள். அந்த இரண்டையும் பேரம் பேசாமல் கட்டுங்கள்.

எங்கள் வீட்டில் மாபிள் தரையும் ஓட்டுக் கூரையும் இருக்கின்றன; முற்றம் இல்லை. நான் கேட்ட ஒன்று திண்ணை, அது இருக்கிறது. முன்பைவிட அகலமாகக் கட்டச் சொன்னவர் மனைவி. தாமும் அதில் இருக்கவேண்டும் என்றார். பழைய வீட்டில் அவர் திண்ணையில் அமர்ந்து நான் பார்த்த ஞாபகம் இல்லை.

காணி இன்னமும் அவருடைய சீதனம்தான். அதன் மேல் நிற்கும் வீட்டின் அழகு தேடிய தேட்டம். தேடிய தேட்டத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.